பெருங்கருந்துளைகளுக்கு விதை எது?

வானத்தைப் பற்றிக் குழந்தைகள் கேட்கும் கேள்விகளில் பல, அளவைப் பற்றியவை. இருப்பதிலேயே பெரிய நட்சத்திரம் எது? அது செத்தால் எவ்வளவு பெரிய கருந்துளை ஆகும்? இருப்பதிலேயே பெரிய கருந்துளை எந்த நட்சத்திரத்திலிருந்து வந்தது? முதல் இரண்டுக்கும் பாடநூலைப் பார்த்து ஓரளவு விடை சொல்லிவிடலாம். மூன்றாவதற்கு முடியாது. சூரியனைப்போல் இருபது முப்பது மடங்கோ அதற்கு மேலோ நிறையுள்ள விண்மீன் எரிபொருள் தீர்ந்து தன் எடையாலேயே உள்நோக்கிச் சரிந்தால், சில சூரியன்களோ சில பத்துச் சூரியன்களோ நிறையுள்ள கருந்துளை மிஞ்சும். ஆனால் நம் பால்வெளி மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளையின் நிறை சுமார் 43 லட்சம் சூரியன்கள். 2019 ஏப்ரலில் படம் வெளியான எம்87 மண்டலத்துக் கருந்துளைக்கோ சுமார் 650 கோடி சூரியன்கள். அவ்வளவு பெரிய விண்மீன் உருவாக இயற்பியலில் இடமில்லை.

ஏதோ ஒரு சிறிய கருந்துளை, சுற்றியிருந்த வாயுவை விழுங்கியும் பிற கருந்துளைகளோடு இணைந்தும் இப்படிப் பெருத்தது என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். தொடக்கத்தில் இருந்த அந்த ‘விதை’ எவ்வளவு பெரியது, அது எதிலிருந்து பிறந்தது என்பதில்தான் அறுபது ஆண்டுகளாகக் கருத்து வேறுபாடு.

கேள்வி பிறந்த வழி

ஒளியும் தப்ப முடியாத விண்மீன் இருக்கக்கூடும் என்று இங்கிலாந்துப் பாதிரியார் ஜான் மிச்செல் 1783இல், நியூட்டனின் ஈர்ப்பு விதியை மட்டும் வைத்தே எழுதினார். விண்மீன்களின் முடிவோடு அதை இணைக்கும் பாதையைத் திறந்தவர்களில் முதன்மையானவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அந்தப் பத்தொன்பது வயது இளைஞர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய, வெள்ளைக் குள்ளன் எனப்படும் விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்கிட்டார். இன்றைய மதிப்பில் அது சுமார் 1.4 சூரிய நிறை. அந்த வரம்பைத் தாண்டியது தொடர்ந்து சுருங்கிக்கொண்டே போக வேண்டியதுதானா? 1935 ஜனவரியில் லண்டனில் நடந்த ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் இந்த முடிவைப் பலர் முன்னிலையில் நிராகரித்தார். 1939இல் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைக் கொண்டு முழுச் சரிவையும் கணித்துக் காட்டிய பிறகும், பல ஆண்டுகள் அது தாளில் மட்டுமே இருந்த பொருளாக நீடித்தது.

1963இல் நிலைமை மாறியது. 3சி 273 என்ற, விண்மீன்போல் தோன்றிய ஒளிப்புள்ளி உண்மையில் 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது என்று மார்ட்டன் ஷ்மிட் கண்டார். அத்தனை தொலைவிலிருந்து அவ்வளவு ஒளி வர வேண்டுமானால் அதற்கு ஆற்றல் தருவது எது? ஃப்ரெட் ஹாய்லும் வில்லியம் ஃபௌலரும் பேருரு விண்மீன்களைச் சொன்னார்கள். 1964இல் சால்பீட்டரும் செல்டோவிச்சும் தனித்தனியே, வாயுவை விழுங்கும் பெருங்கருந்துளையைச் சொன்னார்கள். அதே ஆண்டு சந்திரசேகர், அத்தகைய பேருரு விண்மீன்கள் பொதுச் சார்பியலின்படி நிலைத்து நிற்க இயலாமல் சரிந்துவிடும் என்று நிறுவினார். இரண்டு கருத்துகளுக்கும் இடையே ஒரு பாலம்போல அமைந்த இந்த முடிவின் முழு முக்கியத்துவமும் தெரியவர நாற்பது ஆண்டுகள் ஆயின.

1970, 80களில் மார்ட்டின் ரீஸ், வாயு மேகத்திலிருந்தோ நெரிசலான விண்மீன் கொத்திலிருந்தோ பெருங்கருந்துளை உருவாகக்கூடிய வழிகளையெல்லாம் ஒரே வரைபடத்தில் தொகுத்தார். எந்த வழியில் போனாலும் முடிவில் ஒரு பெருங்கருந்துளை வந்து நின்றது. அன்று இது தீர்ந்த பிரச்சினைபோலத் தோன்றியதற்குக் காரணம், காலம் தாராளமாக இருப்பதாக எல்லோரும் நினைத்ததுதான் என்று தோன்றுகிறது.

காலக்கணக்கு

அந்தத் தாராளத்தை ஒழித்தவை, 3சி 273ஐப் போன்ற குவேசார்களில் மிகத் தொலைவில் உள்ளவை. 2017இல் அறிவிக்கப்பட்ட ஒன்று, பெருவெடிப்புக்குப் பின் 69 கோடி ஆண்டுகளிலேயே 80 கோடி சூரிய நிறையை எட்டியிருந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஜே0313–1806 இன்னும் முந்தியது: 67 கோடி ஆண்டுகளில் சுமார் 160 கோடி சூரியன்கள். பேரண்டத்தின் இன்றைய வயது 1,380 கோடி ஆண்டுகள் என்பதை நினைத்துப் பார்த்தால், இவை வாழ்நாளின் முதல் இருபதில் ஒரு பங்குக்குள் முழு வளர்ச்சி பெற்றுவிட்டன.

கருந்துளை விழுங்கும் வேகத்துக்கு ஓர் இயல்பான தடை உண்டு. உள்ளே விழும் வாயு சூடேறி ஒளிர்கிறது. அந்த ஒளியின் அழுத்தமே மேற்கொண்டு வரும் வாயுவை வெளியே தள்ளுகிறது. ஈர்ப்பும் ஒளியழுத்தமும் சமமாகும் இடம் எடிங்டன் வரம்பு எனப்படுகிறது. அந்த வரம்பிலேயே இடைவிடாமல் வளரும் கருந்துளை, வழக்கமான அனுமானங்களின்படி ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். வளர்ச்சி வட்டிக்கு வட்டி போட்டதுபோல் ஏறுகிறது. ஆகவே முதலாக எவ்வளவு இருந்தது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 100 சூரிய நிறையில் தொடங்கி 160 கோடியை எட்ட இருபத்து நான்கு முறை இரட்டிக்க வேண்டும்; அதற்கு 84 கோடி ஆண்டுகள் ஆகும். ஒரு லட்சம் சூரிய நிறையில் தொடங்கினால் பதினான்கு முறை போதும். 49 கோடி ஆண்டுகள். முதல் விண்மீன்களே பெருவெடிப்புக்குப் பின் பத்து, இருபது கோடி ஆண்டுகள் கழித்துத்தான் பிறந்தன என்பதால், முதல் கணக்கு இடிக்கிறது. இரண்டாவது நெருக்கிப் பிடித்துத்தான் பொருந்துகிறது. சிறுவிதைக் கட்சி, பெருவிதைக் கட்சி என்ற பிரிவு இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

முதல் விண்மீன்கள் எவ்வளவு பெரியவை?

சிறுவிதை நிலைப்பாடு எளிமையானது: முதல் தலைமுறை விண்மீன்கள் மிகப் பெரியவை, அவை செத்து விட்டுச்சென்ற கருந்துளைகளே விதைகள். இதற்கு அடிப்படை வேதியியல். பெருவெடிப்பு தந்தது ஹைட்ரஜன், ஹீலியம், மிகச் சொற்ப லித்தியம், அவ்வளவுதான். கார்பனும் ஆக்சிஜனும் தூசும் பிற்கால விண்மீன்களின் உலைகளில் சமைந்தவை. இன்றைய வாயு மேகங்களைக் குளிர்விப்பது இந்தப் பொருள்களே. அதனால் மேகம் தனிப்பூச்சிய வெப்பநிலைக்குச் சற்று மேலே, பத்து கெல்வின் அளவுக்குக் குளிர்ந்து சிறு துண்டுகளாக உடைகிறது. தொடக்ககால மேகத்திடம் இருந்த ஒரே குளிர்விப்பான் ஹைட்ரஜன் மூலக்கூறு. அந்த மூலக்கூறால் வாயுவைச் சுமார் 200 கெல்வினுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. சூடான வாயு எளிதில் உடையாது, பெருந்துண்டாகவே சரியும். ‘அவ்வளவு பெரிய நட்சத்திரங்கள் இப்போது ஏன் பிறப்பதில்லை?’ என்று ஒரு குழந்தை கேட்டால் உண்மையான விடை இதுதான். இன்றைய வானம் தூசும் கார்பனும் கலந்த வானம்.

2002இல் ஏபெல், பிரையன், நார்மன் ஆகியோரின் கணினி உருவகம் இந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தது. ஒளிராத, ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் கரும்பொருள் திரண்ட சிறு குமிழ் ஒவ்வொன்றின் நடுவிலும் தனியாக ஒரு விண்மீன், சுமார் நூறு சூரிய நிறை. புரோம், காப்பி, லார்சன் குழுவும் வேறு வழியில் ஒத்த முடிவுக்கு வந்தது. அடுத்த பத்தாண்டில் கணினிகளின் துல்லியம் கூடக்கூட அந்தப் படம் கலையத் தொடங்கியது. 2009, 2011 உருவகங்களில் விண்மீனைச் சுற்றிய வாயுத்தட்டு உடைந்து பல விண்மீன்கள் பிறந்தன. ஹோசொகாவா குழு 2011இல், இளம் விண்மீனின் சொந்தக் கதிர்வீச்சே அதன் வளர்ச்சியை நாற்பது சொச்சம் சூரிய நிறையில் நிறுத்திவிடும் என்றது. 2014இல் ஹிரானோ குழு ஏறத்தாழ நூறு மேகங்களைக் கணித்தபோது விடை பத்து முதல் ஆயிரம் சூரியன்கள் வரை பரவியது. ஆகவே, முதல் விண்மீன்கள் சராசரியாக இன்றையவற்றைவிடப் பெரியவை என்பது ஓரளவு உறுதி; ஒரே அளவில் வார்த்தவை அல்ல என்பதும் உறுதி. அவற்றின் உண்மையான பரவலை எவரும் அளந்ததில்லை.

நேரடியாகப் பார்க்க இயலாதபோது எச்சங்களைத் தேடுவதே வழி. 0.8 சூரிய நிறைக்குக் கீழே முதல் தலைமுறை விண்மீன் பிறந்திருந்தால் இன்றும் உயிரோடு இருக்கும்; பல ஆண்டுகள் தேடியும் உலோகமே இல்லாத விண்மீன் ஒன்றுகூட அகப்படவில்லை. (ஹீலியத்துக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் வானியலாளர் உலோகம் என்பார்கள்.) 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அறிவித்த ஒரு விண்மீனில் இரும்பு, சூரியனில் உள்ளதில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. சுமார் 60 சூரிய நிறையுள்ள முதல் தலைமுறை விண்மீன் ஒன்று வலுக்குறைவாக வெடித்து, இரும்பையெல்லாம் கருந்துளைக்குள்ளேயே விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சிதறியிருந்தால் இந்தக் கலவை வரும். சிறுவிதைக் கட்சிக்கு இது மறைமுக ஆதரவு.

பலவீனங்கள் மூன்று இடங்களில் தெரிகின்றன. 140 முதல் 260 சூரிய நிறை வரையுள்ள, உலோகமற்ற விண்மீன்கள் கோட்பாட்டின்படி முழுவதுமாக வெடித்துச் சிதறும்; கருந்துளையே மிஞ்சாது. கருந்துளையை விட்டுச்செல்லும் விண்மீனும் உயிரோடு இருந்தபோதே தன் கதிர்வீச்சால் சுற்றியிருந்த வாயுவை வெளியேற்றிவிடுகிறது. புதிதாகப் பிறந்த கருந்துளை வெறுமையான இடத்தில் தொடங்குகிறது. நூறு சூரிய நிறையுள்ள பொருள் மண்டலத்தின் நடுவுக்கு வந்து சேர்வதும் எளிதல்ல. ஓரங்களில் அலைந்துகொண்டே இருந்துவிடலாம்.

இதற்குச் சிறுவிதைக் கட்சியின் மறுமொழி: எடிங்டன் வரம்பு மீற முடியாத சட்டமல்ல. வாயு அடர்த்தியாக வந்து விழும்போது ஒளியே அதில் சிக்கி உள்ளே இழுபட்டுவிடும். 2024இல் அறிவிக்கப்பட்ட எல்ஐடி–568 என்ற கருந்துளை அந்த வரம்பைப்போல் நாற்பது மடங்கு வேகத்தில் விழுங்குவதாக மதிப்பிடப்பட்டது. அத்தகைய வேகம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதுதான் தெரிய வேண்டியது. சில லட்சம் ஆண்டுகளில் ஓய்ந்துவிடும் வேகம் கணக்கை மாற்றாது.

நேரடிச் சரிவு

பெருவிதைக் கட்சியின் மையக் கருத்து, விண்மீன் என்ற இடைப்பட்ட நிலையைப் பெருமளவு தாண்டிப்போவது. 1994இல் லோப், ரேசியோ இருவரும், 2003இல் புரோமும் லோப்பும் இதை வளர்த்தார்கள். அருகில் உள்ள மண்டலம் ஒன்றிலிருந்து கடுமையான புற ஊதாக் கதிர் வந்து ஹைட்ரஜன் மூலக்கூறுகளை உடைத்துவிட்டால், மேகத்துக்கு இருந்த ஒரே குளிர்விப்பானும் போய்விடும். வாயு சுமார் 8,000 கெல்வினிலேயே நிற்கும். உடையாமல், ஆண்டுக்கு ஒரு சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் என்ற வேகத்தில் நடுவை நோக்கிப் பாயும். அங்கே உருவாகும் பேருரு விண்மீன் ஓரிரு லட்சம் சூரிய நிறையை நெருங்கும்போது, 1964இல் சந்திரசேகர் கண்ட அதே நிலையின்மை அதைப் பிடித்துக்கொள்ளும். வெடிப்பில் பெரிய இழப்பில்லாமல் முழுவதும் கருந்துளையாகும்.

2006இல் இரண்டு முக்கிய விரிவாக்கங்கள் வந்தன. பெகல்மன், வோலொன்டேரி, ரீஸ் மூவரும், கருந்துளையை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே வீங்கிய வாயு உறையோடு ஒளிரும் ஒரு பொருளைக் கற்பித்தார்கள். லொடாட்டோவும் பிரியம்வதா நடராஜனும் தட்டு வடிவ வாயுவின் நிலையின்மையிலிருந்து எவ்வளவு நிறையுள்ள விதைகள் எத்தனை பிறக்கும் என்று கணித்தார்கள். கோயம்புத்தூரில் பிறந்து இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் நடராஜன், பிற்பாடு தம் குழுவோடு இந்த வழிக்கு ஒரு சோதனையையும் முன்வைத்தார்: பெருவிதையிலிருந்து தொடங்கிய மண்டலத்தில், சிறிது காலத்துக்குக் கருந்துளையின் நிறை விண்மீன்களின் மொத்த நிறைக்கு நிகராக இருக்கும். இன்று அருகில் உள்ள மண்டலங்களில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் உள்ளது. தன்னைப் பொய்யாக்கக்கூடிய ஒன்றை முன்கூட்டியே சொல்வது எந்தக் கோட்பாட்டுக்கும் பெருமை. இந்த விவாதத்தில் அப்படிச் சொன்னவை சிலவே.

குறை, நிபந்தனைகள் மிகக் கடுமையானவை என்பது. மேகத்தில் உலோகம் கலந்திருக்கக் கூடாது. ஆனால் உலோகம் உமிழும் மண்டலம் மிக அருகிலேயே இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர நேர்வது அரிது. 2019இல் வைஸ் குழு, கரும்பொருள் குமிழ் மிக விரைவாக வளர்ந்தால் அந்தக் கொந்தளிப்பே வாயுவைச் சூடாக வைத்திருக்கும் என்று காட்டியது. 2022இல் லத்தீஃப் குழு, குளிர்ந்த வாயுப் பாய்ச்சல்கள் எதிரெதிரே மோதும் இடத்தில் புற ஊதாக் கதிரே தேவையில்லை என்றது. நிபந்தனைகள் தளர்ந்தன, அரிதென்ற நிலை மாறவில்லை. அரிதான பிரகாசமான குவேசார்களுக்கு இது போதலாம். ஏறத்தாழ ஒவ்வொரு பெரிய மண்டலத்தின் நடுவிலும் கருந்துளை இருப்பதற்கு இது மட்டும் போதாது.

பிற வழிகள்

நெரிசலான விண்மீன் கொத்தில் பெரிய விண்மீன்கள் நடுவில் விழுந்து ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்தால், ஆயிரம் சூரிய நிறை அளவில் ஒரு கருந்துளை உருவாகலாம் என்பது இடைப்பட்ட மூன்றாம் வழி. கருந்துளைகள் இணைந்து வளர்வது நடப்பதுதான் என்பதை ஈர்ப்பு அலைகள் காட்டிவிட்டன. 2020இல் அறிவிக்கப்பட்ட இணைப்பு சுமார் 142 சூரிய நிறையுள்ள கருந்துளையையும், 2025இல் அறிவிக்கப்பட்டது சுமார் 225 சூரிய நிறையுள்ளதையும் தந்தன. ஆயிரங்களுக்கும் லட்சங்களுக்கும் இது இன்னும் வெகு தொலைவு.

செல்டோவிச்சும் நோவிகோவும் 1967இல், ஹாக்கிங் 1971இல் எழுப்பிய நான்காவது யோசனை விண்மீன்களையே தவிர்க்கிறது: பெருவெடிப்பின் முதல் கணங்களில் மிகுந்த அடர்த்தியுள்ள இடங்கள் நேரே சரிந்தன என்கிறது. விதை பெரிதாக இருக்க வேண்டுமானால் அந்த அடர்த்தி வேறுபாடுகளும் பெரிதாக இருந்திருக்க வேண்டும். அவை அண்டப் பின்னணிக் கதிர்வீச்சில் விட்டிருக்க வேண்டிய தடயம் காணப்படவில்லை. கரும்பொருள் துகள்கள் ஒன்றையொன்று அழிக்கும் வெப்பத்தால் ஒளிரும் ‘கரும் விண்மீன்கள்’ என்ற கருத்தை 2008இல் ஸ்பால்யர், ஃபிரீஸ், கொண்டோலோ முன்வைத்தார்கள். அந்தத் துகளையே இதுவரை யாரும் கண்டுபிடிக்காத நிலையில், அதை எடை போடுவது கடினம்.

ஜேம்ஸ் வெப் வந்த பிறகு

2022 முதல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அனுப்பும் தரவுகள் விவாதத்தைக் கூர்மையாக்கின; முடித்துவைக்கவில்லை. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட யுஎச்இசட்1 என்ற மண்டலம் பெருவெடிப்புக்குப் பின் 47 கோடி ஆண்டுகளில் இருந்தது. ஏபெல் 2744 என்ற மண்டலக் கொத்தின் ஈர்ப்பு, வில்லையாகச் செயல்பட்டு அதைப் பெரிதாக்கிக் காட்டியது. சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா விண்வெளி ஆய்வகம் அதிலிருந்து வந்த எக்ஸ் கதிர்களைப் பிடித்தது. கருந்துளையின் நிறை, விண்மீன்களின் மொத்த நிறைக்கு ஏறத்தாழ நிகர் என்று மதிப்பிடப்பட்டது. நடராஜன் குழு முன்கூட்டிச் சொன்னதோடு பொருந்தியது. அதுவரை பெருவிதைக் கட்சிக்குக் கிடைத்தவற்றில் மிக வலுவான சான்று இது. ஆனால் அது சொற்ப எக்ஸ் கதிர்களின் மீது நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜிஎன்–இசட்11 மண்டலம் இந்த விவாதத்தின் சிக்கலை நன்கு காட்டுகிறது. 2024இல் மயோலினோ குழு அதில் சுமார் 16 லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை, எடிங்டன் வரம்பைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் விழுங்குவதாக அறிவித்தது. பெருவிதை மெதுவாக வளர்ந்தும் அங்கே வந்திருக்கலாம். சிறுவிதை வரம்பை மீறி வளர்ந்தும் வந்திருக்கலாம். ஒரே பொருள் இரு கட்சிகளுக்கும் சாட்சி சொல்கிறது. வளர்ச்சி, பிறப்பின் தடயத்தை அழித்துவிடுகிறது என்பதே இத்துறையின் அடிப்படைச் சங்கடம்.

பிறகு வந்தவை ‘சின்னச் சிவப்புப் புள்ளிகள்’. கச்சிதமான, சிவந்த, எக்ஸ் கதிரில் மங்கலான இந்தப் பொருள்கள் தொடக்ககாலப் பேரண்டத்தில் எதிர்பாராத எண்ணிக்கையில் காணப்படுகின்றன. அவற்றின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் அகன்று தெரிவதை வைத்து, கருந்துளைகள் மண்டலத்தின் அளவுக்கு மீறிப் பெருத்தவை என்று முதலில் கணித்தார்கள். அடர்ந்த வாயு உறைக்குள் எலக்ட்ரான்களால் சிதறினாலும் கோடுகள் அகலும் என்று 2025இல் சிலர் சுட்டிக்காட்டினார்கள். அப்படியானால் நிறைகள் பத்து மடங்கோ அதற்கும் மேலோ குறையும். வாயு உறைக்குள் கருந்துளை என்ற இந்தப் படம், 2006இல் பெகல்மன் குழு கற்பித்த பொருளை நினைவூட்டுவது கவனிக்கத்தக்கது. அதே ஏபெல் 2744இன் பின்னே உள்ள ஒரு சிவப்புப் புள்ளியில், சுற்றும் வாயுவின் வேகத்தைக் கொண்டே கருந்துளை சுமார் ஐந்து கோடி சூரிய நிறை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். சுற்றிலும் விண்மீன்கள் மிகக் குறைவு, உலோகம் இன்னும் குறைவு. முறை நேரடியானது என்பதால் இதற்கு மற்ற மதிப்பீடுகளைவிடக் கூடுதல் எடை தரலாம். மண்டலத்துக்கு முன்பே கருந்துளை வந்திருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் இப்போதைக்கு இல்லை. ஆனால் ஒரு பொருளை வைத்து முழு இனத்தின் வரலாற்றை எழுத முடியாது.

எது திறந்திருக்கிறது?

இதுவரையிலான சான்றுகளை நிறுத்துப் பார்த்தால், சில கருந்துளைகளேனும் பெருவிதைகளிலிருந்து தொடங்கின என்ற நிலைப்பாடு பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இன்று வலுவாக இருக்கிறது. எல்லாமே அப்படித் தொடங்கின என்பதற்குச் சான்று இல்லை. தொலைவில் நம் கண்ணில் படுபவை மிகப் பிரகாசமானவை, அதாவது மிகப் பெரியவை. சராசரிக் கருந்துளை எப்படி இருந்தது என்பதை அவை சொல்வதில்லை. சிறுவர் நூல்கள் ‘நட்சத்திரம் செத்தால் கருந்துளை’ என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொள்வதைக் கைவிட்டு, பெரியவை வந்த வழி இன்னும் ஆராயப்படுகிறது என்று எழுதினால், அது பிழையும் ஆகாது, குழந்தைக்கு எட்டாததும் ஆகாது.

விடை தொலைவிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. சிறுவிதைகளே பொதுவழி என்றால், அதிகம் வளராத குள்ள மண்டலங்களிலும் பெரும்பாலும் நடுவில் ஒரு கருந்துளை இருக்க வேண்டும். பெருவிதைகளே பொதுவழி என்றால், பல குள்ள மண்டலங்கள் வெறுமையாக இருக்கும். இருப்பவையும் ஒரு குறிப்பிட்ட நிறைக்குக் கீழே போகாது. ஒரு காலத்தில் குள்ள மண்டலத்தின் கருவாக இருந்ததாகக் கருதப்படும் ஒமேகா சென்டாரி கொத்தில், குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை இருப்பதாக 2024இல் விண்மீன்களின் வேகத்தைக் கொண்டு கணித்தார்கள். இத்தகைய அளவீடுகள் இன்னும் கைவிரல் எண்ணிக்கையில்தான் இருக்கின்றன.

முதல் விண்மீன்களின் விடியலையே ரேடியோ அலையில் கேட்கும் முயற்சியும் நடக்கிறது. 2018இல் எட்ஜஸ் குழு அந்தச் சமிக்ஞையைக் கண்டதாக அறிவித்தது. பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தின் சாரஸ் கருவி கர்நாடக நீர்த்தேக்கங்களில் மிதந்து அளந்து, 2022இல் அதை உறுதிசெய்ய முடியாது என்று காட்டியது. 2035 வாக்கில் ஏவத் திட்டமிட்டிருக்கும் ஐரோப்பாவின் லிசா ஈர்ப்பு அலை ஆய்வகம், பத்தாயிரம் முதல் ஒரு கோடி சூரிய நிறை வரையுள்ள கருந்துளைகள் இணைவதைத் தொடக்ககாலப் பேரண்டத்திலிருந்தே கேட்கும். ஒளியை வைத்துச் செய்யும் நிறை மதிப்பீட்டில் வாயு உறை, தூசு, கோட்டின் அகலம் என்று பல ஐயங்கள் நுழைகின்றன; ஈர்ப்பு அலையின் வடிவம் நிறையை நேரடியாகவே தருகிறது. அந்த நிறைகள் பத்தாயிரத்துக்கு அருகில் திரளுமா, லட்சத்துக்கு அருகிலா, அல்லது இரண்டிலும் பரவிக் கிடக்குமா என்பதற்கு இன்று எந்தக் கட்சியிடமும் உறுதியான முன்கணிப்பு இல்லை.